அப்பம் பகையாகும்போது

எங்கள் வாலாஜாபாத்தில் கோதுமை விளைவதில்லை. பாலாற்றங்கரையில் ஏரிப் பாசனத்தையும் கிணற்றையும் நம்பி நெல் விளைகிறது. மேட்டு நிலத்தில் வேர்க்கடலை விளைகிறது. கோதுமை எங்களுக்கு விருந்தாளி. நியாயவிலைக் கடைச் சாக்கிலும், பரோட்டாக் கடையின் கல்லிலும், பெட்டிக்கடைப் பிஸ்கட் பொட்டலத்திலும் அது எங்களை வந்தடைகிறது. ஆயினும் எங்கள் ஊர்க் கத்தோலிக்கருக்கு அது அந்நியமானதன்று. மண்ணில் விழுந்து மடிந்து பலன் தரும் மணியாகவும், களைகளுக்கிடையே பொறுமையோடு வளரும் பயிராகவும் நற்செய்தியில் அதைச் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். வயலில் ஒருநாளும் கண்டிராத அக்கதிரைப் பலிபீடத் துணியின் பூவேலையிலும் நற்கருணைப் பேழையின் கதவிலும் பார்த்தே வளர்ந்தோம்.

உயிர் தரும் உணவின் அடையாளமாக நாம் போற்றும் அதே தானியம், சிலருடைய உடலுக்குள் சென்றதும் பகைவனாக நடத்தப்படுகிறது. விருந்தினரை வரவேற்க வேண்டிய வாசலிலேயே போர் மூள்கிறது. விருந்தினர் இறந்தாலும் பரவாயில்லை, வீடே இடிந்து விழுகிறது. மருத்துவர்கள் இதனைச் சீலியாக் நோய் என்கிறார்கள். இதை வெறும் மருத்துவச் செய்தியாக ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. உடல் எவ்வாறு நண்பனையும் பகைவனையும் பிரித்தறிகிறது, அதில் தவறினால் என்ன நேர்கிறது, அப்பம் உண்ண இயலாதவருக்கு நம் பந்தியில் இடமுண்டா என்னும் கேள்விகள் இதனுள் அடங்கியிருக்கின்றன.

பாவும் ஊடையும்

பரோட்டா போடுபவரின் கைவேலையைச் சற்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓர் உருண்டை மைதா மாவை அவர் விசிறி விசிறி அடித்து, மெல்லிய துணிபோல விரித்துவிடுகிறார். அது அவ்வளவு எளிதில் கிழிவதில்லை. அரிசி மாவைப் பிசைந்து அப்படி வீசிப் பாருங்கள். முதல் வீச்சிலேயே உதிர்ந்துவிடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணமான பொருள்தான் குளூட்டன். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் பசை என்று பொருள்.

குளூட்டன் ஒரே பொருளன்று. கிளையடின், குளூட்டெனின் என்னும் இருவகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் துணி. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ரொட்டி உப்புகிறது, பரோட்டா இழுபடுகிறது. கோதுமை மாவின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இது. வாற்கோதுமையிலும் ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்திலும் இதன் உறவுப் புரதங்கள் உள்ளன. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றில் இவ்வகைப் புரதங்கள் இல்லை.

நம் வயிற்றில் சுரக்கும் நொதிகள் புரதங்களை வெட்டித் துண்டாக்குபவை. பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதங்களை அவை அநேகமாக முழுமையாக அறுத்துவிடுகின்றன. குளூட்டனிடம் மட்டும் அவை சற்றுத் தோற்றுப் போகின்றன. புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் அதில் மிகுதி. புரோலின் அடுத்தடுத்து வரும் இடங்களில் நொதியின் கத்தி இறங்குவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில், 33 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரு துண்டு எல்லா நொதிகளுக்கும் தப்பி எஞ்சுவதைக் காட்டினார்கள். இந்தத் துண்டு உங்கள் குடலிலும் எஞ்சுகிறது. எங்கள் குடலிலும் எஞ்சுகிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. தீங்கு எங்கே தொடங்குகிறது?

ஆறு கெசத்தில் ஒரு வாசல்

வளர்ந்தவரின் சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்யப்படும் பட்டுச் சேலையும் ஏறக்குறைய அதே நீளந்தான். ஆனால், குடலின் உட்பரப்பு சேலைபோல் வழவழப்பானதன்று. அது வெல்வெட்டுப் போன்றது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள கணக்கற்ற குடலுறிஞ்சிகள் விரல்கள்போல அதில் எழுந்து நிற்கின்றன. உணவிலுள்ள இரும்பையும் சுண்ணாம்பையும் கொழுப்பையும் வைட்டமின்களையும் பற்றி இரத்தத்தில் சேர்ப்பவை இவ்விரல்களே.

இவ்விரல்களை மூடியிருக்கும் தோல் ஒரே ஓர் அணுவின் கனம்தான். சில நாட்களுக்கொருமுறை அது உதிர்ந்து புதிதாகிறது. அந்த மெல்லிய திரைக்கு வெளிப்புறம் நாம் உண்ட சோறும் குழம்பும், கோடானுகோடி நுண்ணுயிர்களும். உட்புறம் நம் உடல். இத்தகைய வாசலுக்குக் காவல் மிகுதியாக வேண்டுமல்லவா? ஆகவே, நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பகுதியைப் படைத்தவர் குடலருகே நிறுத்தியிருக்கிறார்.

அக்காவலரின் திறமை எதில் இருக்கிறது? போரிடுவதில் என்று நினைப்போம். உண்மையில் அவர்களின் பெருந்திறமை போரிடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் உடலுக்கு அந்நியப் பொருளே. மீனும் மொச்சையும் பாலும் நம் உடலைச் சேர்ந்தவையல்ல. அவை அனைத்தின்மீதும் போர் தொடுத்தால் ஒருநாளும் நாம் உயிர்வாழ முடியாது. ஆதலின், குடலின் காவலர் உணவைக் கண்டு அமைதி காக்கப் பழகியிருக்கிறார்கள். இந்த அமைதியை மருத்துவர் சகிப்புத்தன்மை என்றே அழைப்பது நம் கருத்தைக் கவர்கிறது. காலராக் கிருமி வந்தால் வாளெடுப்பதும், கஞ்சி வந்தால் கை கூப்புவதும் ஒரே காவலரே. நலமான குடல் என்பது விருந்தோம்பத் தெரிந்த குடல்.

காவலரின் தவறு

சீலியாக் நோயில் நிகழ்வது இதுதான். வெட்டுப்படாத குளூட்டன் துண்டு மெல்லிய திரையைக் கடந்து உட்புறம் வருகிறது. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. காயம்பட்ட திசுக்களை ஒட்டிச் சீர்செய்வது அதன் அன்றாடப் பணி. வீட்டுச் சுவரில் விரிசலைப் பூசும் கொத்தனாரைப் போன்றது. அது குளூட்டன் துண்டைத் தொட்டு, அதிலுள்ள சில குளூட்டமின்களைச் சிறிது மாற்றி, எதிர்மின்னூட்டம் கொண்ட குளூட்டமேட்டாக்கிவிடுகிறது. இந்தச் சிறு மாற்றமே பெருந்துன்பத்துக்கு வித்தாகிறது.

உடலில் அந்நியப் பொருளைத் தூக்கிக் காட்டும் அணுக்கள் சில உண்டு. காவல் நிலையத்தில் புகைப்படம் மாட்டுவதுபோல, தாம் கண்ட துண்டை ஒரு பிடியில் வைத்து மற்றக் காவலருக்குக் காட்டுகின்றன. அப்பிடியின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு, பெற்றோரிடமிருந்து வருவது. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்னும் இருவகைப் பிடிகளில் மட்டும் அந்த மாறிய குளூட்டன் துண்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைக் காணும் டி அணுக்கள், “இதோ பகைவன்” எனக் கூவி மற்றவரைத் திரட்டுகின்றன. அழற்சியூட்டும் வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. குடல் திரைக்குள்ளேயே உறையும் மற்றொரு வகைக் காவலர் கிளர்ந்தெழுந்து, நலமாயிருந்த திரையணுக்களையே கொல்லத் தொடங்குகிறார்கள். விரல்கள்போல் நின்ற உறிஞ்சிகள் குட்டையாகி, கடைசியில் தரைமட்டமாகின்றன. வெல்வெட்டு, நூல் தேய்ந்த பழந்துணியாகிறது. உண்பது வயிற்றில் விழுகிறது, உடம்பில் சேர்வதில்லை.

இன்னும் ஒரு விந்தை உண்டு. இந்நோயாளரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவை குளூட்டனை மட்டும் தாக்குபவையல்ல; சீர்செய்ய வந்த டிரான்ஸ்குளூட்டமினேஸையே தாக்குபவை. 1997ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தார்கள். இன்று உலகெங்கும் இந்நோய்க்குச் செய்யப்படும் முதல் இரத்தச் சோதனை அந்த எதிர்ப்பொருளைத் தேடுவதே. ஏன் அப்பாவியான நொதிமேல் கோபம்? அது குளூட்டனோடு ஒட்டிக்கொண்ட நிலையில் பிடிபட்டது என்பதே ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். பகைவனெனக் கருதப்பட்டவனோடு கூட இருந்த காரணத்தால், வீட்டுக் கொத்தனாரும் பகைவன் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். பாவிகளோடு பந்தியமர்ந்தார் என்பதற்காகவே பழிசுமத்தப்பட்ட ஒருவரை வணங்கும் நமக்கு இந்த நியாயம் புதிதன்று.

இது நஞ்சு உண்ட விளைவன்று; இறால் தின்றவருக்குத் தடிப்பு ஏறுவது போன்ற ஒவ்வாமையுமன்று. உடல் தன்னையே தாக்கும் நோய் இது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டி.க்யூ.2, டி.க்யூ.8 பிடிகள் நூறு பேரில் முப்பது, நாற்பது பேருக்கு உண்டு. அவர்களில் மிகச் சிலரே நோயுறுகின்றனர். ஏன் இவர், ஏன் அவரல்லர் என்பதை மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. எனவே, இந்நோய் எந்தப் பெற்றோரின் குற்றமுமன்று. எவரது பாவத்தின் கூலியுமன்று.

பஞ்சம் சொன்ன உண்மை

நோய் பழையது, காரணம் தெரிந்தது அண்மையில்தான். லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888ஆம் ஆண்டில் இந்நோயை அழகாக விவரித்தார். குணமாக வேண்டுமானால் உணவினாலேயே ஆகவேண்டும் என்றும் சரியாகவே உணர்ந்தார். ஆனால், அவர் விலக்கச் சொன்ன உணவுகளில் அரிசி இருந்தது. கொடுக்கலாமென்றவற்றில் மெல்லியதாய் வெட்டி இருபுறமும் வாட்டிய ரொட்டி இருந்தது! சோறு உண்டு வளர்ந்த நமக்குச் சிரிப்பு வரலாம். ரொட்டியே உயிரென வாழ்ந்த நாட்டில் ரொட்டியைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

அதைச் சந்தேகித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே. 1930களிலேயே அவருக்கு அந்த ஐயம் எழுந்துவிட்டது. பின்னர் 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலம் வந்தது. ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதியில் உணவு வரத்து நின்றுபோய், மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த கொடும் பஞ்சம் அது. ஆயிரமாயிரம் பேர் பசியால் மடிந்தார்கள். ஆனால், சீலியாக் நோயால் வாடிய குழந்தைகள் சிலர், ரொட்டி கிடைக்காத அந்நாட்களில் தேறினார்கள். ரொட்டி மீண்டும் வந்தபோது நோயும் மீண்டும் வந்தது. போர் முடிந்தபின் டிக்கே உடனுழைப்பாளர்களோடு முறையாகச் சோதித்து, கோதுமையே காரணமென 1950ஆம் ஆண்டில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் நிறுவினார்.

ஒரு நாடே அப்பத்துக்காக ஏங்கி அழுத நாட்களில், அப்பம் இல்லாமையே சில குழந்தைகளுக்கு மருந்தானது. பஞ்சத்தை நியாயப்படுத்த இதனைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் நன்மையானது ஒருவருக்குத் தீமையாகலாம் என்னும் எளிய உண்மையைக் காண எத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்று வியக்கிறோம்.

பாலாற்றின் மேற்கே

எங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் பாலாறு, அதற்குமுன் வேலூரைத் தொட்டு வருகிறது. குடல் நோய்களின் வரலாற்றில் வேலூருக்குத் தனியிடம் உண்டு. 1960, 1970களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மத்தன் முதலிய மருத்துவர்கள் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் பரவிய ஸ்புரூ என்னும் குடல் நோயை ஆராய்ந்தார்கள். அதிலும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. வயிற்றுப்போக்கும் சோகையும் வருகின்றன. பார்வைக்குச் சீலியாக்கின் இரட்டைப் பிறவி போன்றது. ஆனால், கோதுமையை நிறுத்துவதால் அது தீர்வதில்லை. ஃபோலிக் அமிலமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தந்தால் தணிகிறது. சோறுண்ணும் நாட்டில் சீலியாக் என்று ஒருவர் எளிதில் நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் நோய் இருப்பதை 1966ஆம் ஆண்டிலேயே மருத்துவர் எழுதிவிட்டனர். தெற்கின் நிலை என்ன? பி.எஸ். ராமகிருஷ்ணா முதலியோர் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ந்தோரைச் சோதித்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. தெற்கில் அவர்கள் தேர்ந்த இடம் வேலூர்ப் பகுதி. வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று மேலாக இந்நோயின் எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவரே. ஆனால், நோய்க்கு இடம் தரும் மரபணுப் பிடிகள் இரு பகுதி மக்களிடமும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. பெரிதும் வேறுபட்டது தட்டில் விழும் கோதுமை: வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், இங்கே 25 கிராம்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். நாம் காக்கப்பட்டது நம் குருதியின் மேன்மையால் அன்று. நம் தாய்மார் ஆக்கிய சோற்றால் இருக்கலாம். அச்சோறு இன்று மெல்ல மாறி வருகிறது. காலையில் இட்லிக்குப் பதில் பன்னும் சேமியாவும், மாலையில் பரோட்டா, சர்க்கரை நோயாளிக்கு இரவில் சப்பாத்தி, குழந்தைக்குப் பிஸ்கட். இவற்றை நாம் குறை கூறவில்லை. கோதுமை கெட்ட உணவன்று. மிகப் பெரும்பாலோருக்கு அது நல்லுணவே. தானாக நோய் கற்பித்துக்கொண்டு கோதுமையை விலக்கும் நாகரிகமும் நமக்கு வேண்டாம். சோதனைக்கு முன்பே நிறுத்திவிட்டால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருப்பதே தெரியாமற் போகும். ஆனால், இந்நோய் வடக்கத்தியாருக்கு மட்டும் உரியது என்னும் நினைப்பையும் விட்டுவிட வேண்டும்.

ஒரு வீட்டில்

எங்கள் பங்கில் ஒரு குடும்பம். தந்தை ஒரகடத்துத் தொழிற்சாலைக்குப் பேருந்தில் செல்பவர். தாய், கோர்வைச் சேலை நெய்யும் தறியில் கரைக்குத் துணையாளாக அமர்பவர். அவர்களின் மகள் எட்டு வயதிலும் ஐந்து வயதுக் குழந்தையின் உயரமே இருந்தாள். வயிறு உப்பல், அடிக்கடி வயிற்றுப்போக்கு, வெளிறிய முகம். பூச்சி மருந்து பலமுறை கொடுத்தாயிற்று. இரும்பு மருந்து பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் இரத்தம் ஏறவில்லை. தேய்ந்த குடல் இரும்பை எப்படி உறிஞ்சும்? கடைசியாக ஒரு மருத்துவர் இரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பின்னர் எண்டோஸ்கோபி செய்து, முன்சிறுகுடலின் திசுவை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

“பொறந்ததிலேர்ந்து பிஸ்கட்டு தின்ன புள்ளைதானே, இப்ப மட்டும் ஏன் ஆவாது?” என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்விதான். இந்நோய்க்கு மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே மருந்து. நமக்குத் தவக்காலம் நாற்பது நாள். அக்குழந்தைக்கு ஆயுள் முழுதும்.

நல்ல வேளையாக எங்கள் மண்ணின் உணவு அவள் பக்கம் நின்றது. இட்லி, தோசை, பொங்கல், கேழ்வரகுக் களி, பள்ளியின் மதிய உணவுச் சோறு ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஆனால், எதிர்பாராத இடங்களில் பகை ஒளிந்திருந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலக்கப்படுகிறது. ஆகவே சாம்பாரும் முறுக்கும் ஆராயப்பட்டன. மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் அரிசியும் அரைபடுகிறது. ஆகவே அம்மா அரிசியை ஊறவைத்து உலர்த்தி வீட்டு மிக்சியிலேயே அரைக்கத் தொடங்கினார். நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ஒரு சிட்டிகை மாவு, சில மாதங்கள் தொடர்ந்து சென்றாலே குடல் மீண்டும் புண்படும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. “கொஞ்சமா தின்னா ஒண்ணும் ஆவாது” என்று உறவினர் அன்போடு நீட்டும் கேக் துண்டு அவளுக்கு அன்பாக இருப்பதில்லை.

ஓராண்டில் அவள் முகத்தில் நிறம் வந்தது, உயரம் கூடியது. குளூட்டன் நின்றால் காவலர் அடங்குகிறார்கள். தரைமட்டமான விரல்கள் மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில், மெல்ல மெல்ல மீண்டும் எழுகின்றன. இடிந்த வீட்டைக் கட்டிக்கொள்ளும் ஆற்றலையும் படைத்தவர் அவ்வுடலுக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

பலிபீடத்தின் முன்

பிறகு அவளுக்குப் புதுநன்மைக் காலம் வந்தது. மறைக்கல்வி வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு செபங்களை மனப்பாடம் செய்தாள். ஒரு ஞாயிறன்று தாய் பங்குத்தந்தையிடம் சென்று, “சாமி, எம்பொண்ணு புதுநன்மைக்கு வரலாமுங்களா? அப்பம் அவளுக்கு ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே” என்று கேட்டார். அருகில் நின்ற எங்களுக்கு அக்கேள்வி நெஞ்சில் தைத்தது. “வரணும்மா. வழி இருக்கு” என்றார் அவர்.

வழி உண்மையிலேயே இருக்கிறது. அதனை நம் பங்குகளில் பலர் அறியாதிருப்பதாலேயே இங்கே விரித்துச் சொல்கிறோம். நற்கருணை அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி. அரிசி அப்பம் வைத்தால் என்ன என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அரிசியே உணவான மண்ணில் பிறந்த எவருக்கும் எழும் கேள்விதான். ஆண்டவர் இறுதி இரவில் கையில் எடுத்தது எதுவோ, அதையே எடுக்கத் திருச்சபை கடமைப்பட்டிருக்கிறது. அதனை மாற்றத் தனக்கு உரிமையில்லை என்று அது கருதுகிறது. குளூட்டன் நீக்கப்பட்ட அப்பத்தை அனுமதிக்க இயலாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1982ஆம் ஆண்டில் விடையளித்தது. ஆனால், அதே விடையில், இந்நோயுள்ளோர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம் என்று வாசலைத் திறந்தும் வைத்தது. 2003ஆம் ஆண்டு ஜூலையில் கர்தினால் இராட்சிங்கர் கையொப்பமிட்ட மடல் இதனை மேலும் தெளிவாக்கியது. அப்பமாகச் சேர்ந்து நிற்கப் போதுமான அளவு சிறிது குளூட்டன் கொண்ட அப்பம் செல்லும். அதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். அதுவும் ஏற்காதவர் கிண்ணத்திலிருந்து மட்டும் பெறலாம். 2017ஆம் ஆண்டில் திருவழிபாட்டுப் பேராயமும் இவற்றையே நினைவூட்டியது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கிளைடு என்னும் ஊரிலுள்ள பெனடிக்டின் அருட்சகோதரியர் அத்தகைய அப்பம் ஒன்றைப் பல முயற்சிகளுக்குப்பின் உருவாக்கினார்கள். அதிலுள்ள குளூட்டன் 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு. கால் கிராம் எடையுள்ள சாதாரண அப்பத்தில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் குளூட்டன் இருக்குமானால், இதில் ஒரு மில்லிகிராமின் நாற்பதில் ஒரு பங்குகூட இராது. யாரோ முகமறியாத நோயாளிக்காக அடுப்பருகே நின்று மாவைப் பதம் பார்த்த அச்சகோதரியரின் பொறுமையை நாம் செபமென்றே எண்ணுகிறோம்.

எங்கள் பங்கில் கிண்ணத்தின் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிலும் கவனம் வேண்டும். அப்பம் பிட்கையில் ஒரு சிறு துண்டு குருவின் கிண்ணத்தில் இடப்படுகிறதல்லவா? ஆகவே, அத்துண்டு இடப்படாத தனிக் கிண்ணம் ஒன்று அவளுக்காகப் பலிபீடத்தில் வைக்கப்பட்டது. வெள்ளுடை அணிந்த பிள்ளைகளின் வரிசையில் அவளும் வந்தாள். ஒரு மிடறு பருகினாள். தன் இடத்துக்குத் திரும்பினாள்.

வெளியே வந்தபோது, “பாவம், பாதிதானே கிடைச்சுது” என்று ஒரு பெரியம்மா இரக்கத்தோடு சொன்னார். பாதியன்று. இரு வடிவங்களில் எந்த ஒன்றிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்று 1551ஆம் ஆண்டில் திரிதெந்தீன் சங்கம் கற்பித்தது. பல நூற்றாண்டுகளாகப் பொதுநிலையினர் அப்பம் மட்டுமே பெற்றபோது எந்தப் படிப்பினை அவர்களுக்கு ஆறுதலாக நின்றதோ, அதே படிப்பினை கிண்ணம் மட்டுமே பெறும் இக்குழந்தைக்கும் அரணாக நிற்கிறது.

நம் காவலர்கள்

குடலைப் பற்றிச் சிந்திக்கப் போய், நம்மைப் பற்றியும் சிந்திக்க நேர்கிறது. ஒவ்வொரு சமூகமும் தன் வாசலில் காவலர்களை நிறுத்தியிருக்கிறது. பங்குக்கும் சாதிக்கும் தெருவுக்கும் காவலர் உண்டு. தீமையை உள்ளே விடாதிருக்க அவர்கள் தேவைதான். ஆனால், வந்தவர் யாரென்று பாராமல் வாளெடுக்கும் காவலர், அந்நியரை வீழ்த்துவதாக எண்ணித் தம் வீட்டின் சுவரையே இடிக்கிறார்கள். வீடு மெலிகிறது, ஏன் மெலிகிறோம் என்று அதற்கே தெரிவதில்லை. களையைப் பிடுங்க அவசரப்பட்டால் பயிரும் கூடவே வரும் என்ற எச்சரிக்கை, ஓர் அணுவின் கனமுள்ள திரைக்கும் பொருந்துகிறது. ஓர் ஊருக்கும் பொருந்துகிறது.

இந்நோயுள்ளோருக்கு நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. பங்குத்தந்தை திருப்பலி அறிவிப்பில், கோதுமை ஆகாதோர் இருந்தால் தம்மிடம் சொல்லும்படி ஒரு வாக்கியம் சேர்க்கலாம். கோவில் பிள்ளை ஒரு தனிக் கிண்ணத்தைத் துடைத்து எடுத்து வைக்கலாம். ஞாயிறு வகுப்பில் பிஸ்கட்டுக்குப் பதில் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் கேக் வெட்டும்போது பக்கத்தில் ஒரு தட்டு அதிரசம் இருக்கலாம். மருந்து கொடுத்தும் சோகை நீங்காத குழந்தை உறவில் இருந்தால், இந்தச் சோதனையையும் செய்து பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் கேட்கத் தூண்டலாம். நோயாளியின் உடன்பிறந்தாரும் பெற்றோரும் சோதித்துக்கொள்வது நல்லது. அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு அதிகம்.

கொரிந்து நகரச் சபையார் பந்தியில் ஒருவருக்காக ஒருவர் காத்திராததைப் பவுலடியார் கடிந்துகொண்டார். அவர்கள் நடுவே நோயாளிகளும் நலிந்தோரும் பலர் இருந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். உண்ண முடியாதவரை விட்டுவிட்டு உண்டு முடித்த பந்தியை நிறைந்த பந்தியென்று சொல்ல நமக்கு வாயில்லை. அடுத்த ஞாயிறு நற்கருணைக்கு எழும்போது, எழாமல் இருக்கையிலேயே அமர்ந்திருப்பவர் யாரேனும் உளரா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அவர் வராததற்குக் காரணம் பாவமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒருவேளை, வழி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.